அண்ணாமலை நகர் இசைக் கல்லூரியும் தமிழிசை இயக்கமும்: ஒரு மதிப்பீடு

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் அமைந்த ராஜா அண்ணாமலை இசைக் கல்லூரி, தமிழ்நாட்டின் நவீன இசைக்கல்வி வரலாற்றில் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. 1929இல் தொடங்கப்பட்டது. 1932இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1941இல் தமிழிசை இயக்கம் மாநாடாகக் கூடியது இந்த வளாகத்தில்தான். 1943இல் சென்னையில் உருவான தமிழ் இசைச் சங்கத்திற்கும் இதுவே வித்து.

தமிழிசை இயக்கம் பெரும்பாலும் ஒரு மொழிப் போராட்டமாகவே எழுதப்பட்டு வருகிறது. மேடையில் தமிழா தெலுங்கா என்ற விவாதமே அதன் வரலாறாக நினைவில் நிற்கிறது. அந்த விவாதத்தின் ஓசையில், இயக்கத்திடம் இருந்த உண்மையான வலிமை கவனிக்கப்படாமல் போனது. ஒரு பாடல் எப்படி உயிர் வாழ்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய இடமாக இருந்தது இசைக் கல்லூரியின் வகுப்பறை. அந்த வகுப்பறை எதைச் செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்பதைக் கொண்டே இந்த இயக்கத்தை மதிப்பிட வேண்டும்.

தோற்றம்

அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதன் வளர்ச்சியாக, 1928இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டில் இசைக் கல்லூரியும் தொடங்கியது.

இசைக்கு அந்தக் காலத்தில் இருந்த அமைப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, குருகுலம். ஆசிரியர் வீட்டில் தங்கிப் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுக் கற்பது. இரண்டாவது, சபா. இசை கேட்பவர்கள் சந்தா செலுத்தி நடத்தும் அமைப்பு. மூன்றாவது, வித்துவான்களும் அறிஞர்களும் கூடி இலக்கணம் பேசும் அவை. ஆபிரகாம் பண்டிதர் 1912இல் தஞ்சாவூரில் நிறுவிய சங்கீத வித்யா மகாஜன சங்கம் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. தம் ஆய்வுகளை அவர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலாக வெளியிட்டார். 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாதெமி, சபாவின் வேலையையும் அறிஞர் அவையின் வேலையையும் ஒருசேரச் செய்தது.

அண்ணாமலை நகரில் தோன்றியது நான்காவது வகை. குறிப்பிட்ட பாடத்திட்டம், தேர்வு, பட்டயம், சம்பளம் பெறும் ஆசிரியர் என்று பல்கலைக்கழக முறைக்குள் இசை வந்தது. ஒரு வித்துவானின் வீட்டில் இடம் கிடைப்பதற்குச் சாதியும் உறவும் பரிந்துரையும் தேவைப்பட்ட காலத்தில், விண்ணப்பம் எழுதிச் சேரக்கூடிய ஓர் இடம் கிடைத்தது. இந்த மாற்றத்தின் அளவு, பின்னர் எழுந்த மொழி விவாதத்தின் அளவுக்குப் பேசப்படவில்லை.

ஆசிரியர்கள்

தொடக்கக் காலத்தில் இங்கே பணியாற்றியவர்கள் அன்றைய இசையுலகின் முன்னணியினர். மகா வைத்தியநாதையர் மரபில் வந்த சபேசையர், தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் வழித்தோன்றலான கே. பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார் ஆகிய மூவரும் அவர்களுள் அடங்குவர்.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. மியூசிக் அகாதெமியின் மாநாடுகளுக்கு 1932இல் வரதாச்சாரியாரும், 1933இல் பொன்னையா பிள்ளையும், 1934இல் சபேசையரும் தலைமை வகித்தனர். பிற்காலத்தில் எதிரெதிர் முகாம்களாகச் சித்திரிக்கப்பட்ட இரு நிறுவனங்களும் ஒரே வித்துவான்களைத்தான் மதித்தன. அண்ணாமலை நகரின் வகுப்பறையில் தியாகராசரின் கிருதிகள் விலக்கப்படவும் இல்லை. இசை மரபு என்ற ஒன்றைக் குறித்து இரு தரப்புக்கும் அடிப்படைக் கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மரபில் தமிழுக்கு எவ்வளவு இடம் என்பதில்தான் பிளவு வந்தது.

இசைக் கல்லூரிக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையிலும் இசை பற்றிய தேடல் இருந்தது. இலங்கை மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் 1931 முதல் 1933 வரை இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பழந்தமிழரின் யாழ் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 'யாழ் நூல்' ஆகி, 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது.

1941 மாநாடு

1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 முதல் 17 வரை அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு நடந்தது. கச்சேரிகளிலும் இசைப் பள்ளிகளிலும் வானொலியிலும் தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் என்பது மாநாட்டின் கோரிக்கை. தொடர்ந்து தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் இத்தகைய மாநாடுகள் கூடின. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டு, அவ்வாண்டு முதலே தனி இசைவிழா நடத்தத் தொடங்கியது. ஆர். கே. சண்முகம் செட்டியார், ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், கல்கி, ராஜாஜி ஆகியோர் தமிழிசைக்கு ஆதரவாகப் பேசியும் எழுதியும் வந்தனர்.

இந்தக் கோரிக்கை திடீரென முளைத்ததல்ல. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பொருள் தெரியாத பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடும் வழக்கத்தை பாரதியார் தம் கட்டுரையில் முன்னரே கண்டித்திருந்தார். தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் பிற்பகுதியில், முக்கிய உருப்படி முடிந்து பலர் எழுந்து போகும் நேரத்தில், துக்கடாவாகப் பாடப்படும் நிலை இருந்தது. அந்த இடஒதுக்கீட்டில் ஒரு மதிப்பீடு ஒளிந்திருந்தது. தமிழ் மென்மையான சில்லறைப் பாட்டுக்குப் பொருந்தும். ராக ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் தாங்கும் கனமான உருப்படிக்குப் பொருந்தாது என்பதே அது.

எதிர்ப்பும் அதற்கு இயக்கம் சொன்ன விடையும்

மியூசிக் அகாதெமி 1941இல் தன் நிலையைத் தீர்மானமாக வெளியிட்டது. சாஸ்திரிய இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும், மொழி பற்றிய எண்ணம் அதில் குறுக்கிடக்கூடாது என்பது அதன் சாரம். இசைக்கு மொழியில்லை என்ற வாதமும் இதனுடன் சேர்ந்து வந்தது.

இந்த வாதத்தில் ஒரு முரண்பாடு உண்டு. இசைக்கு மொழியில்லை என்றால் தமிழில் பாடுவதால் இழப்பு ஏதும் நேரக்கூடாது. ஆனால் தமிழில் பாடினால் தரம் குறையும் என்ற அச்சமும் அதே தரப்பிலிருந்து எழுந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. தமிழிசை இயக்கத்தார் இதைச் சுட்டிக்காட்டியது நியாயமே.

ஆனாலும் எதிர்த்தரப்பின் பேச்சில் ஓர் உண்மை இருந்தது. தியாகராசரின் கிருதி ஒன்றை ஒரு வித்துவான் பாடும்போது, இயற்றியவரின் சொல்லும் மெட்டும் மட்டும் அங்கே ஒலிப்பதில்லை. சீடர்களும் சீடர்களின் சீடர்களும் ஒரு நூற்றாண்டுக் காலம் பாடிப் பாடிச் சேர்த்த சங்கதிகளும், எந்த வரியில் நிரவல் செய்வது, எந்தச் சொல்லில் சுரம் தொடங்குவது என்ற பழக்கமும் சேர்ந்து ஒலிக்கின்றன. இதைத்தான் பாடாந்தரம் என்கிறோம். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று தியாகராசரின் சீட பரம்பரைகளே தனித்தனிப் பாடாந்தரங்களாக அறியப்படுகின்றன.

சீர்காழி முத்துத்தாண்டவர், சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனைச் சேர்ந்த மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோருக்கு இப்படித் தொடர்ச்சியான சீட பரம்பரை வாய்க்கவில்லை. அவர்களுடைய பாடல்கள் சொல்லாக எஞ்சின. பழைய மெட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இன்று மேடையில் கேட்கும் மெட்டுகளில் பல, இருபதாம் நூற்றாண்டு வித்துவான்கள் புதிதாக அமைத்தவை. எனவே தமிழ்க் கீர்த்தனைக்கும் தெலுங்குக் கிருதிக்கும் இடையே மேடையில் தெரிந்த வேறுபாடு, மொழியால் வந்ததைவிடப் பாடாந்தரத்தால் வந்தது அதிகம். தமிழுக்குக் கனமான உருப்படியைத் தாங்கும் தன்மை இல்லை என்பது தவறு. தாங்கும்படி பல தலைமுறைகள் அதைப் பாடிப் பழக்கவில்லை என்பதே சரி.

இயக்கம் இதற்குச் சொன்ன விடை, தமிழ்ப் பாடல்களின் பெருமையை எடுத்துரைப்பதாகவே பெரும்பாலும் அமைந்தது. இலக்கியச் சுவை, பக்திச் சுவை, பழமை ஆகியவை மேடைப் பேச்சுகளில் விரிவாகப் பேசப்பட்டன. பாடாந்தரக் குறை என்ற உண்மையான சிக்கல் போதிய அளவு பேசப்படவில்லை.

அச்சும் பாடாந்தரமும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1940கள் முதல் தமிழிசைப் பாடல்களைச் சுரதாளக் குறிப்புடன் தொகுதிகளாக வெளியிட்டது. முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதியார் முதலியோரின் பாடல்களும் பிற்காலத்தவரின் புதிய பாடல்களும் அவற்றில் இடம்பெற்றன. 'தமிழில் பாட உருப்படி எங்கே?' என்ற கேள்விக்கு இது நேரடியான விடை. சிதறிக் கிடந்த பாடல்களை ஒரு பல்கலைக்கழகம் தன் செலவில் திரட்டி அச்சிட்டது எளிய செயலன்று.

ஆனால் கருநாடக இசையில் அச்சிட்ட சுரக்குறிப்பு ஓர் எலும்புக்கூடு போன்றது. 'க' என்று ஒரே எழுத்தில் எழுதப்படும் காந்தாரம், தோடியில் ஒரு வகையாகவும் கல்யாணியில் வேறு வகையாகவும் ஒலிக்கும். அதன் கமகத்தை எழுத்து காட்டாது. ஆசிரியரின் குரலைக் கேட்டே அது வர வேண்டும். ஆகவே, அச்சிட்ட பாடல்களில் எவை வகுப்பறையில் ஆழமாகக் கற்பிக்கப்பட்டு, மாணவர் வழியாக அடுத்த தலைமுறைக்குச் சென்றனவோ அவையே பிழைத்தன. மற்றவை நூலகத்தில் தங்கின.

இதற்கு எதிரிணையாக மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

முதலாவது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம். தில்லையைக் காண ஏங்கிய நந்தனின் கதையான இது கதாகாலட்சேபம், நாடகம், திரைப்படம் என்று வாய்வழியாகவே பரவியது. பாடுபவர்கள் இருந்ததால் பாட்டும் இருந்தது.

இரண்டாவது, பாபநாசம் சிவன் (1890–1973). தமிழில் கனமான கிருதிகள் இல்லை என்ற குறையை அவரது பாடல்கள் நடைமுறையில் தீர்த்தன. அவை எந்த மாநாட்டின் தீர்மானத்தாலும் பரவவில்லை. அவரே மயிலாப்பூரில் பஜனையாகப் பாடினார், சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், திரைப்படத்துக்கும் எழுதினார். 1934இல் கீர்த்தனைத் தொகுதி அச்சாகும்போதே அவரது பாட்டுகளுக்குப் பாடும் வாய்கள் இருந்தன.

மூன்றாவது, எம். எம். தண்டபாணி தேசிகர் (1908–1972). தேவாரப் பயிற்சியில் வளர்ந்தவர். 1942இல் ஜெமினி தயாரித்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர். தாமே தமிழில் பல கீர்த்தனைகளை இயற்றியவர். 1946இல் திருவையாறு தியாகராசர் ஆராதனையில் அவர் தமிழ்ப் பாடல் பாடியது பெரும் சர்ச்சையானது. பின்னர் 1950களில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பாடகர், இயற்றுநர், ஆசிரியர் ஆகிய மூன்றும் ஒருவரிடமே அமைந்த நிலை அது. இயக்கம் தேடிய விடை இத்தகைய ஆசிரியர்தான். இத்தகையோர் இன்னும் பலர் தொடர்ந்து வந்திருந்தால் வரலாறு வேறுவிதமாக இருந்திருக்கும்.

மேடையா, வகுப்பறையா?

ஏறத்தாழ இதே காலத்தில் ஹங்கேரியிலும் ஒத்த சிக்கல் எழுந்தது. அங்கே உயர்ந்த இசை என்றால் ஜெர்மானிய இசை என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோடாயும் ஊர் ஊராகச் சென்று ஹங்கேரிய நாட்டுப்பாடல்களைத் திரட்டினர். கோடாய் (1882–1967) அடுத்த படியாகக் குழந்தைகளுக்கான பாடல்களை எழுதி, தாய்மொழிப் பாட்டிலிருந்தே இசைக்கல்வி தொடங்க வேண்டும் என்று வாதாடினார். அவர் பெயரால் வழங்கும் கற்பித்தல் முறை இன்று பல நாடுகளின் பள்ளிகளில் பயன்படுகிறது.

தமிழிசை இயக்கத்தின் கோரிக்கைகளில் இசைப் பள்ளிகளுக்கும் இடமிருந்தது. ஆயினும் அதன் ஆற்றலின் பெரும்பகுதி சென்னை மேடையை நோக்கியே சென்றது. கச்சேரியில் எத்தனை தமிழ்ப் பாட்டு என்ற எண்ணிக்கை எளிதில் அளக்கக்கூடியது, செய்தியாகக்கூடியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு தேவாரத்தையோ கீர்த்தனையையோ சுருதி பிசகாமல் பாடுகிறதா என்பது யாருக்கும் செய்தி அல்ல. ஆனால் பாட்டின் எதிர்காலம் அந்தப் பிள்ளையிடம்தான் இருந்தது. கல்லூரி அளவில் தொடங்கிய அண்ணாமலை நகரின் முயற்சி, ஊர்ப் பள்ளி வரை இறங்கியிருந்தால் அதன் பயன் பன்மடங்காகியிருக்கும்.

விடுபட்டவர்கள்

தமிழில் பாடுவது பற்றி 1941இல் விவாதம் நடந்தபோது, அதே சிதம்பரம் பகுதியில் தமிழில் மட்டுமே பாடிவந்த ஒரு மரபு உயிருடன் இருந்தது. அது ஓதுவார்களின் பண்ணிசை. தேவார ஏடுகள் மீட்கப்பட்ட இடமாகத் தில்லையையே மரபு சொல்கிறது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி ஓதுவார்களையும் அறிஞர்களையும் ஓரிடத்தில் அமர்த்தியது பெரும் தொண்டு. ஆனால் ஆராய்ச்சியின் பொருளாகக் கிடைத்த மதிப்பு, பிழைப்புக்குரிய தொழிலாக ஓதுவாருக்குக் கிடைக்கவில்லை.

நாகசுரக் கலைஞர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. காவிரிப் படுகையில் ராக இசையை விரிவாக வளர்த்தவர்கள் அவர்கள். சொல் இல்லாத இசை என்பதால் மொழி விவாதத்தில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. தமிழிசை என்பதைத் தமிழ்ச் சொல் என்று மட்டும் பொருள்கொண்டதன் விளைவு இது.

சிதம்பரத்தில் இந்த மொழிக் கேள்வி முடிந்துவிடவும் இல்லை. நடராசர் கோயிலின் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவது பற்றிய வழக்கும் போராட்டமும் 2008இல் அரசாணை வரை சென்றன. கச்சேரி மேடைக்கான விவாதம் நடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அண்ணாமலை நகருக்கு மிக அருகிலேயே அது வேறு வடிவில் தொடர்ந்தது.

எஞ்சியவை

அண்ணாமலைச் செட்டியார் 1948இல் மறைந்தார். அவர் மகன் முத்தையா செட்டியார் பல்கலைக்கழகத்தையும் தமிழ் இசைச் சங்கத்தையும் தொடர்ந்து பேணினார். 1952இல் சென்னை எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. சங்கம் 1957 முதல் இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கி வருகிறது. ஒரு குடும்பத்தின் கொடையால் வாழ்ந்த நிறுவனம் என்பது அதன் வலிமையாகவும் வரம்பாகவும் இருந்தது. 2013இல் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. அதன்பின் இசைத்துறையின் பொறுப்பு கொடையாளரிடமிருந்து பொதுமக்களிடம் வந்துவிட்டது எனலாம்.

கல்லூரியின் மரபு கட்டடத்தைவிடப் பட்டயத்தில் அதிகம் பரவியது. இங்கே 'சங்கீத பூஷணம்' பெற்றவர்கள் தமிழ்நாட்டிலும், குறிப்பாக இலங்கையிலும், இசையாசிரியர்களாகப் பணியாற்றினர். யாழ்ப்பாணத்து இசைக்கல்வி வரலாற்றில் இந்தப் பட்டயம் அடிக்கடி எதிர்ப்படும். பெரிய மேடையில் புகழ்பெறாத இந்த ஆசிரியர்கள் கற்பித்த மாணவர்களின் தொகை கணக்கில் வராதது. கல்லூரியின் வெற்றியைச் சென்னை டிசம்பர் விழாக்களில் தேடுபவர்களுக்கு அது கண்ணில் படாது.

மதிப்பீடு

தமிழிசை இயக்கம் வென்றதா தோற்றதா என்ற கேள்விக்கு இரு விடைகளும் சொல்லப்படுவதுண்டு. இன்று தமிழ்ப் பாடல் இல்லாத கச்சேரி அரிது. தமிழில் முழுக் கச்சேரி செய்வதும் வியப்புக்குரிய செய்தி அல்ல. அந்த அளவில் இயக்கம் வென்றது. ஆனால் கச்சேரியின் நடுநாயகமான உருப்படி தமிழில் அமைவது இன்னும் விதிவிலக்காகவே இருக்கிறது. அந்த அளவில் பணி முடியவில்லை.

முடியாத பணியை இன்னொரு தீர்மானத்தால் முடிக்க இயலாது. அச்சான தொகுதிகளிலிருந்து பத்துப் பாடல்களைத் தேர்ந்து, நல்ல ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் பாடி, சங்கதிகள் வளர்த்து, நிரவலுக்குரிய வரியைக் கண்டு, மாணவருக்குக் கொடுப்பதுதான் அதற்கு வழி. பழைய ஆசிரியர்களின் பாடல் பதிவுகள் எங்கெங்கு உள்ளனவோ அவற்றைத் திரட்டிப் பொதுவில் வைப்பதும் இதே பணியின் பகுதி. இதற்கு வேண்டிய ஆசிரியர், மாணவர், பாடநூல், வகுப்பறை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் 1929 முதல் இருந்து வருவது அண்ணாமலை நகரில். தமிழிசை இயக்கத்தின் வரலாற்றில் மேடைப் பேச்சுக்குக் கொடுத்த பக்கங்களில் சிலவற்றையேனும் அந்த வகுப்பறைக்குக் கொடுப்பது, இசை பயிலும் மாணவர்களுக்கு அதிகப் பயன் தரும்.